மணக்குடியிலிருந்து சொத்தவிளைக்கு: ஒரு கடலோர நடைக்குத் திட்டமிடுதல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலோரமாக நடக்க விரும்புபவர்கள் முட்டத்தையோ வட்டக்கோட்டையையோதான் முதலில் நினைப்பார்கள். ஆனால் காயல், அலையாத்திக் காடு, மணல்மேடு ஆகிய மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் காண வேண்டுமானால், பழையாறு கடலில் கலக்கும் மணக்குடியில் தொடங்கி மேற்கே சொத்தவிளை வரை நடப்பதே பொருத்தமானது. மணக்குடிக் காயல், 2015இல் அறிவிக்கப்பட்ட சுசீந்திரம்–தேரூர்–மணக்குடி பாதுகாப்புப் பகுதியைச் சேர்ந்தது. அந்தப் பாதுகாப்புப் பகுதிக்குள் அடங்கிய சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. குழுவாகச் செல்பவர்கள் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

மாதங்களில் தையும் மாசியும் சிறந்தவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வலசை வந்த பறவைகளும் திரும்பியிருக்காது. மார்கழியிலும் வானம் தெளிந்திருக்கலாம் என்றாலும், சுசீந்திரம் தேர்த் திருவிழாவும் ஐயப்ப பக்தர்களின் வருகையும் சேர்ந்து பேருந்துகளை நிரப்பிவிடும். ஆனி, ஆடியில் கடல் கரையையே அரிக்கும் என்பதால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிட வேண்டும்.

திட்டத்தில் அதிகக் கவனம் கேட்பது, ஆறு கடலில் கலக்கும் வாயிலான பொழிமுகம். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குள் பாயும். கோடையில் அலைகள் கொண்டுவந்து சேர்க்கும் மணல் அதை மீண்டும் அடைத்துவிடும். வரைபடத்தில் கரை ஒரே கோடாகத் தெரிவதை நம்பி, கிழக்குக் கரையிலுள்ள கீழமணக்குடியிலிருந்து மேற்குக் கரையிலுள்ள மேலமணக்குடிக்கு மணல் வழியே கடந்துவிடலாம் என்று எண்ணக் கூடாது. பொழி திறந்திருக்கும்போது நீரோட்டம் காலை வாரிவிடும். அண்மையில் அடைபட்ட மணலோ புதைகுழிபோல் இளகியிருக்கும். பாலத்தின் வழியாகவே கடக்க வேண்டும். இங்கிருந்த பழைய பாலம் 2004 ஆழிப்பேரலையில் அடித்துச் செல்லப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த முகத்துவாரத்தின் வலு புரியும்.

காலை ஆறு மணியளவில் காயல் ஓரத்தில் இருந்தால், சேற்றிலிருந்து பென்சில்களைப் போல நிமிர்ந்து நிற்கும் அலையாத்தியின் மூச்சுவேர்களையும், அவற்றிடையே வளைக்குள் ஓடி ஒளியும் நண்டுகளையும் அருகிலிருந்து பார்க்கலாம். அந்த வேர்களை மிதித்தால் மரமே நலிவடையும் என்பதால் சேற்றில் இறங்காமல் கரையிலேயே நிற்க வேண்டும். பிறகு மேற்கு நோக்கி நடந்தால் வெயில் முதுகில் விழும்; எதிர்த்திசையில் வருபவர்களுக்குக் கண் கூசும். வழியில் அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மணல்மேடுகளின்மீது ஏறாமல், அலை நனைத்து இறுகிய மணலில் நடப்பது கால்களுக்கும் மேட்டுக்கும் நல்லது. மீனவர்கள் கரையில் நின்று கரைமடி வலையை இழுத்துக்கொண்டிருந்தால் கயிற்றைத் தாண்டாமல், இழுப்பவர்களுக்குப் பின்புறமாகச் சுற்றிச் செல்ல வேண்டும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, தொலைநோக்கி ஆகியவை போதும். புறப்படும் முன்னிரவில் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்துள்ளதா என்று பார்ப்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. காற்றே இல்லாத நாளிலும் தொலைதூரப் புயல் எழுப்பிய அலை திடீரெனக் கரையேறும். 2024 மே மாதம் ராஜாக்கமங்கலம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது அத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான். எச்சரிக்கை இருந்தால் கடற்கரையைக் கைவிட்டு, அந்தக் காலையைத் தேரூர்க் குளக்கரைக்கு மாற்றிக்கொள்ளலாம். கூழைக்கடாக்களும் நாரைகளும் அங்கேயும் உண்டு.