எஞ்சின் சத்தத்தோடு சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன்

என் வண்டி 150 சிசி, ஒற்றை சிலிண்டர். கால்நடை மருந்துகளைக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்கும் வேலை எனக்கு. திண்டுக்கல்லில் புறப்பட்டால் செம்பட்டி, வத்தலக்குண்டு என்று சுற்றிவிட்டு இரவுதான் வீடு. 11,000 கிலோமீட்டர் தாண்டியதும் எஞ்சினில் டிக் டிக் என்று ஒரு சத்தம் கிளம்பியது. எங்கள் தெரு குறுகல், இரு பக்கமும் மதில். காலையில் வண்டியை எடுத்தால் அந்தச் சத்தம் மதிலில் பட்டு என் காதுக்கே திரும்பி வரும். மூன்று முறை சர்வீஸுக்கு விட்டேன். மூன்று முறையும் ஆயில் மாற்றி, தண்ணீர் அடித்துத் துடைத்து, "இந்த வண்டிக்குச் சத்தமே இப்படித்தான் சார்" என்று சாவியைக் கையில் கொடுத்தார்கள். நான்காவது முறைதான் சரியானது. அந்த நான்காவது முறை நான் என்ன செய்தேன் என்பதை, இதே அலைச்சலில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

"சத்தம் வருகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். காலையில் நாற்பது வண்டிக்காரர்கள் அதையே சொல்கிறார்கள். எப்போது வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்ற மூன்றும் உங்கள் வாயில் தயாராக இருக்க வேண்டும்.

முதலில் குளிர்ந்த எஞ்சினில் கேளுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் கிளப்பி, அலைபேசியை ஒரு முழ தூரத்தில் பிடித்து ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து அதே இடத்தில், அதே தூரத்தில் மறுபடியும் பதிவு செய்யுங்கள். கிளப்பியவுடன் சலசலவென்று ஆடி, சூடானதும் அடங்கினால் எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினையும், அதைத் தொய்யாமல் பிடிக்கும் டென்ஷனரையும் சந்தேகிக்கலாம். பிஸ்டன் தேய்மானமும் குளிரில்தான் அதிகம் கேட்கும். சூடான பிறகும் சீராக டிக் டிக் என்று சிலிண்டர் தலையிலிருந்து வந்தால் டேப்பெட், அதாவது வால்வைத் தட்டித் திறக்கும் பகுதி.

அடுத்து, சத்தம் எஞ்சினுடையதுதானா என்று உறுதி செய்யுங்கள். ஆளில்லாத நேர்ச்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு கிளட்சைப் பிடியுங்கள். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கிவிடும், சக்கரம் மட்டும் உருளும். சத்தம் சக்கரத்தோடு சேர்ந்து தொடர்ந்தால் செயின், சக்கர பேரிங், பிரேக் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எஞ்சினோடு சேர்ந்து இறங்கினால் எஞ்சின். வண்டி நின்றிருக்கும்போது நியூட்ரலில் கிளட்ச் லீவரைப் பிடித்து விட்டுப் பாருங்கள். பிடித்ததும் சத்தம் மாறுகிறதென்றால் கோளாறு கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம்.

சைலன்சர் குழாய் சிலிண்டரோடு சேரும் இடத்தையும் பாருங்கள். அங்கே இணைப்பை அடைக்கும் கேஸ்கட் விட்டுப்போனால் வரும் சத்தம் டேப்பெட் சத்தத்தைப் போலவே ஏமாற்றும். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் காரணம் அதுதான். சைலன்சர் மேல் தகட்டின் திருகு தளர்ந்து அதிர்வதும் உண்டு. ஆயில் அளவை வண்டியை நேராக நிறுத்திப் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பார்த்தால் அளவு தப்பும்.

ஏற்றத்தில் பெரிய கியரில் முறுக்கும்போது மட்டும் கிலுகிலுவென்றால் கியரைக் குறைத்துப் பாருங்கள். சிறுமலை ஏறும்போது எனக்கும் அது வந்தது, கியரைக் குறைத்ததும் போனது. ஆனால் எஞ்சினின் அடியிலிருந்து கனமாக, டொக் டொக் என்று, பாரம் ஏற ஏற வலுக்கும் சத்தம் வந்தால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். அது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் பேரிங்காக இருக்கலாம். வேறு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

சத்தம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க எங்கள் தெருமுனைப் பட்டறை அண்ணன் கற்றுக்கொடுத்த வழி இது. நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சின் மூடியில் ஊன்றி, பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்த வேண்டும். செயின், சக்கரம், சூடான சைலன்சர் எதிலும் கையோ துணியோ படக் கூடாது. டேப்பெட் மூடியில் வைத்தபோது சின்னச் சுத்தியல் தட்டுவது போல் துல்லியமாகக் கேட்டது. நான்கு விரற்கடை கீழே நகர்த்தியதும் மங்கிவிட்டது. வாரண்டி இருந்ததால் அவர் மூடியைத் திறக்கவில்லை. "திறக்க வேண்டியவர்கள் அவர்கள், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்" என்றார்.

அன்றிரவு மகளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, டேப்பெட் மூடியின் ஒவ்வொரு போல்ட்டிலும் மூடியிலும் சேர்ந்து படும்படி ஒரு கோடு இழுத்தேன். போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்துவிடும். மூன்றாவது முறை சர்வீஸுக்கு விட்டது இந்தக் கோடுகளோடுதான். மாலையில் பில்லில் "டேப்பெட் சரிசெய்தல்" என்று எழுதிப் பணமும் வாங்கியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கோடுகூட உடையவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பணம் பெரிய தொகை இல்லை. திறக்காத மூடிக்குள் சரிசெய்ததாக எழுதிக்கொடுத்துவிட்டு, என் காதைத்தான் குறை சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் சண்டை போடவில்லை. போல்ட்டின் படம், பில், இரண்டு பதிவுகள் நான்கையும் சூப்பர்வைசர் முன் வைத்தேன். அவர் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்றே திறக்கச் சொல்கிறேன் சார்" என்றார். நான் வேண்டாம் என்றேன். ஏழு கிலோமீட்டர் ஓட்டி வந்திருக்கிறேன், எஞ்சின் கொதிக்கிறது. டேப்பெட் இடைவெளியைக் குளிர்ந்த எஞ்சினில்தான் அளக்க வேண்டும். என் முந்தைய தவறும் இதுதான். குளிரில் வரும் சத்தத்தைச் சூடான வண்டியில் காட்டப் போய்க்கொண்டிருந்தேன். அதனால் முந்தைய நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு, காலையில் கடை திறக்கும்போது போய் நில்லுங்கள். அவர்கள் கையாலேயே கிளப்பச் சொல்லிக் கேட்கச் செய்யுங்கள்.

நான் அப்படித்தான் செய்தேன். செய்ய வேண்டிய வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் "பொதுச் சோதனை" என்று எழுதப் போனவரை நிறுத்தி, "குளிரில் கிளப்பியதும் இடப்பக்கம் சலசலப்பு, சூடான பின்னும் சிலிண்டர் தலையில் டிக் டிக், 13,900 கிலோமீட்டர்" என்று என் சொற்களிலேயே எழுதவைத்து நகல் வாங்கினேன்.

மெக்கானிக் தம்பி பிஸ்டனைக் கம்ப்ரஷன் முடிவில் உச்சிக்குக் கொண்டுவந்து இடைவெளியை அளக்கும் மெல்லிய ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகினார். என் வண்டியின் கையேட்டில் எரிந்த வாயுவை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு இடைவெளி 0.10 மில்லிமீட்டர். 0.20 தகடு தடையில்லாமல் உள்ளே போய் வந்தது. இரண்டு மடங்கு. சரிசெய்த பிறகு 0.10 தகட்டை என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். புத்தகத்தின் இரண்டு தாள்களுக்கு நடுவில் இன்னொரு தாளை உருவுவது போல, மெல்லிய பிடிப்போடு வந்தது. அந்தப் பிடிப்புதான் சரியான அளவு. உங்கள் வண்டிக்கான அளவை உங்கள் கையேட்டில் பாருங்கள், இது மாடலுக்கு மாடல் வேறுபடும்.

ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்: "சத்தமே வராதபடி இறுக்கிவிடுங்கள்" என்று. சூட்டில் வால்வின் தண்டு நீளும். அதற்காகத்தான் இடைவெளி. இறுக்கிவிட்டால் வால்வு முழுதாக மூடாது, கசியும் வாயு அதன் விளிம்பையே எரித்துவிடும். லேசான டிக் டிக் இருக்கட்டும்.

சலசலப்புக்கு டைமிங் செயின் டென்ஷனரை வாரண்டியில் மாற்றினார்கள். செய்யாத வேலைக்கு வாங்கிய பணத்தையும் கேட்டு வாங்கினேன். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும், நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. அங்கே பேசப்போவது ஜாப் கார்டும் பில்லும்தான், ஒன்றையும் தூக்கி எறியாதீர்கள்.

அளந்த இடைவெளியையும் தேதியையும் சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். போல்ட்டுகளில் புதிதாகக் கோடு இழுத்தாயிற்று. அடுத்த சர்வீஸ் 15,000-இல். முந்தைய நாள் மாலையே வண்டியை விட்டுவிடுவதாகச் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறேன்.