19 வயதுப் பெடியனை அவசரமாக ஏற்றிய கணினி

வெள்ளவத்தையில் பேஸ்போல் சிமுலேஷன் (அணிகளை நிர்வகிக்கும் கணினி விளையாட்டு) விளையாடுகிறவன் அநேகமாக நான் ஒருவன்தான். தம்பிக்குக் கிரிக்கெட் போதும். என் லீக்கில் கணினி நடத்தும் அணிகள், டபுள் ஏ நிலையில் (உச்ச மட்டமான மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே) இரண்டு கிழமை நன்றாக அடித்த 19 வயதுப் பெடியன்களை நேரே 26 பேர் கொண்ட மேஜர் லீக் அணிக்கு ஏற்றிவிடும். அங்கே அவன்களால் பந்தை அடிக்க முடியாது. ஒருவனை நானே கீழே இறக்கினேன். அடுத்த நாளே கணினி திரும்ப ஏற்றியது!

அப்புறம்தான் அமைப்புகளைத் துருவினேன். வீரரை மதிப்பிடும்போது நடப்பு ஆண்டுப் புள்ளிவிவரத்துக்கு அளவுக்கு மீறிய எடை. அதைக் குறைத்து, திறன் மதிப்பீட்டுக்குக் கூட்டினேன். ஓர் இரவு முழுக்க ஐந்து சீசன் ஓடவிட்டேன். இப்போது பெரும்பாலானோர் இடையிலுள்ள ட்ரிபிள் ஏ படியைக் கடந்தே வருகிறார்கள்.

ஒரு குறை: மேஜர் லீக்கில் 172 நாள் சேர்ந்தால் வீரருக்கு ஒரு சேவை ஆண்டு; சம்பள உயர்வும் அணி மாறும் உரிமையும் அதை வைத்துத்தான். நிஜ அணிகள் இந்தக் கணக்குப் பார்த்துச் சிலரை ஏற்றுவதைத் தாமதிக்கும். அந்தக் கஞ்சத்தனம் மட்டும் இதற்கு வரவில்லை.