யூதப் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ

டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ என்பது உங்கள் கற்பித்தலுக்கான சான்றுகளை இணையத்தில் சேர்த்து வைக்கும் தொகுப்பு. அதற்கு, இணையப் பக்கம் உருவாக்கும் கருவியான கூகுள் சைட்ஸில் ஒரு பக்கம் திறந்துகொள்ளுங்கள், அழகுபடுத்துவதை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒலிப்பதிவு. யூதர்களின் புனித நூலான தோராவை ராகத்தோடு வாசிப்பார்கள், ஆனால் தோராச் சுருளில் உயிர்க்குறியும் இல்லை, ராகக் குறியும் இல்லை. இரண்டையும் மனதில் ஏற்றிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். பார் மிட்ஸ்வாவுக்கு (யூதச் சிறுவர் பருவமடைவதைக் குறிக்கும் சடங்கு) தயாராகும் 12 வயது மாணவர் செப்டம்பரில் தடுமாறி வாசித்ததையும் மார்ச்சில் சரளமாக வாசித்ததையும் அடுத்தடுத்து வைத்தால் வளர்ச்சி காதிலேயே விழும்.

இருவர் இருவராக உட்கார்ந்து தல்மூத் (யூதச் சட்ட விவாத நூல்) பத்தியை விவாதித்துப் படிக்கும் ஹவ்ரூதாவையும் 5 நிமிடம் பதிவு செய்யுங்கள். நீங்கள் எங்கே குறுக்கிட்டீர்கள், ஏன் என்று கீழே நாலு வரி எழுதுங்கள். இந்த நாலு வரிதான் போர்ட்ஃபோலியோவின் உயிர், அது இல்லாவிட்டால் வழிகாட்டும் ஆசிரியர் படித்துப் பதில் சொல்ல எதுவுமே இருக்காது.

எபிரேயப் பத்திகளை வலமிருந்து இடமாக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நிறுத்தக்குறிகள் இடம் மாறும். வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை சபாத், அதாவது யூதர்களின் ஓய்வு நாள். கடைப்பிடிப்பவர்கள் எழுதவோ பதிவு செய்யவோ மாட்டார்கள், அதனால் ஜெப ஆலய வாசிப்புக்குப் பதிலாக வாரநாள் ஒத்திகையைப் பதிவு செய்யுங்கள். குழந்தையின் குரலோ முகமோ ஏறுவதற்கு முன் பெற்றோரின் எழுத்து அனுமதி கட்டாயம், இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.