டெங்கு ரிப்போர்ட்டில் யாரும் கேட்காத வரி

டெங்கு சீசனில் எங்கள் லேபுக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, பிளேட்லெட் எவ்வளவு?" ரிப்போர்ட் பிரிண்ட் ஆகும் வரைகூடப் பொறுக்க மாட்டார்கள். அதே தாளில் ‘பிசிவி’ என்று ஒரு வரி இருக்கும். சில லேபில் ‘ஹெமட்டோகிரிட்’ என்றோ ‘ஹெச்சிடி’ என்றோ போடுவார்கள். அதை யாரும் கேட்பதில்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தக்கசிவு இல்லை. ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, ரத்தத்திலுள்ள நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் கசிந்துவிடுகிறது. மிஞ்சிய ரத்தம் அடுப்பில் மறந்துபோன சாம்பார் மாதிரி கெட்டியாகிறது. ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கின்றன என்பதுதான் பிசிவி. நீர் வெளியேற வெளியேற அது ஏறும்.

சரி, எப்படிப் பார்ப்பது? ஒரு தாளில் கட்டம் போடுங்கள். தேதி, காய்ச்சலின் எத்தனையாவது நாள், வெள்ளையணு, பிசிவி, பிளேட்லெட், சிறுநீர் போன நேரம். காய்ச்சல் தொடங்கிய நாள்தான் முதல் நாள்; டாக்டரைப் பார்த்த நாள் அல்ல. முதல் மூன்று நாளுக்குள் ஒரு சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட்; இந்த எண்கள் எல்லாம் அதில்தான் வரும்) எடுத்துவிடுங்கள். பின்னால் வரும் எல்லா எண்களையும் அதோடுதான் ஒப்பிட வேண்டும். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். டிரிப்ஸ் ஏறும் கையில் ரத்தம் எடுக்க விடாதீர்கள், மறு கையைக் காட்டுங்கள். டிரிப்ஸ் நீர் கலந்துவிட்டால் எல்லா எண்ணும் பொய்.

முதல் பிசிவியை ஐந்தால் வகுத்து, அந்த விடையை அதோடு கூட்டுங்கள். அந்த அளவைத் தொட்டால், அதாவது 20 சதவீதம் ஏறினால், நீர்க்கசிவு பெரிய அளவில் நடக்கிறது என்று பொருள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். பிளேட்லெட் சரசரவென்று இறங்கும்போது பிசிவி ஏற ஆரம்பித்தாலே உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

இதில் நம் ஊர்ப் பெண்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. ரத்தசோகை உள்ள ஒருவருக்கு முதல் பிசிவி 33, ஹீமோகுளோபின் 11 என்று வைத்துக்கொள்வோம். பெண்களுக்கான சாதாரண அளவு 36 முதல் 46 என்று அச்சிட்டிருப்பதால், 33-க்குப் பக்கத்தில் ‘குறைவு’ என்ற குறி விழும். ஐந்தாம் நாள் அது 40 ஆகிறது, ஹீமோகுளோபின் 13-ஐத் தாண்டுகிறது. இப்போது தாளில் எந்தக் குறியும் இல்லை. "மாதுளம்பழம் கொடுத்தோம், ரத்தம் ஊறிடுச்சு" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். மூன்று நாளில் எந்தப் பழமும் இரண்டு கிராம் ஹீமோகுளோபின் ஏற்றாது. 33-இலிருந்து 40 என்பது 21 சதவீத ஏற்றம், அபாய மணி. எங்கள் மெஷினுக்கு நேற்றைய எண் தெரியாது. உங்கள் தாளுக்குத் தெரியும்.

இந்த ஏற்றம் பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் வரும், அதாவது மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள். உடம்பு சில்லிட்டதும் "சரியாப் போச்சு" என்று டெஸ்ட்டை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாத நாளே அதுதான். நீர்க்கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும்.

பிளேட்லெட் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. சாதாரண அளவு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம். ஒரு லட்சத்துக்குக் கீழே வேகமாக இறங்குவது கவனிக்க வேண்டிய விஷயம். ஆனால் 40,000 என்றதும் பிளேட்லெட் ஏற்றச் சொல்லி டாக்டரோடு சண்டை போட வேண்டாம். ரத்தக்கசிவு இல்லாதவருக்குப் பொதுவாக 10,000-க்குக் கீழே போனால்தான் அந்தப் பேச்சே வரும். ஆள் தெம்பாக இருக்க எண் மட்டும் திடீரென்று பாதாளத்துக்குப் போயிருந்தால், ஸ்மியர், அதாவது ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில், பார்த்தார்களா என்று கேளுங்கள். ஊதா மூடி டியூபில் சிலருக்கு பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் அதைக் குறைவாக எண்ணிவிடும்.

கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் டெங்குவில் ஏறுவது சகஜம். இரண்டில் ஒன்று 1,000-ஐத் தொட்டாலே அது தீவிர டெங்கு. கொரோனாவில் பழகிய டி-டைமர், ஃபெரிட்டின் எல்லாம் சேர்த்த பேக்கேஜை டாக்டர் கேட்காமல் நீங்களாக எடுக்க வேண்டியதில்லை. இங்கே தினமும் ஒரு சிபிசி அதைவிடப் பயன்படும்.

தாங்க முடியாத வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் ஜில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, ஆள் துவண்டு கிடக்கிறார் என்றால் ரிப்போர்ட்டுக்காக உட்காராதீர்கள். நேரே ஆஸ்பத்திரி. எண் எதுவாக இருந்தாலும் சரி.

தேறும்போது வெள்ளையணு முதலில் ஏறும், பிளேட்லெட் பின்னால் வரும். பிசிவி இறங்கும். பசி எடுத்து, சிறுநீர் தாராளமாகப் போய், பிசிவியும் இறங்கினால் நல்லது. நாடி படபடக்க, ஆள் வெளிறிப்போய் பிசிவி இறங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது அந்தக் கட்டம் போட்ட தாளோடு டாக்டரிடம் ஓடுங்கள். ஏழு தனித்தனி ரிப்போர்ட்டைப் புரட்டுவதைவிட அவருக்கும் அது சுலபம்.