டர்போ வண்டியில் ஆல்டர்னேட்டர் வெந்து போவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்ஜின் ஓடும்போது பெல்ட்டால் சுழன்று வண்டிக்கு மின்சாரம் கொடுத்து, பேட்டரியையும் ஏற்றுவது ஆல்டர்னேட்டர். மதுரைப் பக்கம் பட்டறைகளில் அதை இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள். சித்திரை வெயிலில், கோரிப்பாளையம் சிக்னலில் ஏசி போட்டபடி நிற்கும் டர்போ கார் ஒன்றின் பானட்டைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் அனல், அந்த டைனமோ படும் பாட்டைச் சொல்லிவிடும். அதைக் காப்பாற்றுகிறேன் என்று தொழில் பழகும் தம்பிகள் செய்யும் தவறுகள் எல்லாம் மூத்தவர்கள் ஒரு காலத்தில் செய்தவையே. பெல்ட் தளர்வு, பேட்டரி முனையில் பூத்த உப்பு இவையெல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம்.

ஆல்டர்னேட்டரையே போர்த்துவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிற, ஆத்திரம் வரவைக்கிற தவறு இது. டர்போ (இன்ஜினின் சூடான புகையால் சுழன்று காற்றை உள்ளே அழுத்தும் பாகம்) பக்கத்திலிருந்து சூடு அடிக்கிறதே என்று, சைலன்சருக்குச் சுற்றும் நார்ப்பட்டையையோ வெள்ளி நிற ஃபாயிலையோ டைனமோவைச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள்.

டைனமோவின் சூட்டில் பெரும்பங்கு அதற்குள்ளேயே பிறக்கிறது. 14 வோல்ட்டில் 90 ஆம்பியர் கொடுத்தால் 1260 வாட். அதன் திறன் சுமார் 60 சதவீதம் என்று வைத்தால், பெல்ட் வழியாக 2100 வாட் உள்ளே போகிறது. மிச்சம் 840 வாட் வெறும் சூடு. ஓர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு அதன்மேல் கம்பளியைப் போர்த்துவதும் இதுவும் ஒன்றுதான். இன்றைய டைனமோக்களில் உள்ளே சுழலும் ரோட்டரின் இரு முனையிலும் ஃபேன் உண்டு. முன்னும் பின்னும் காற்றை இழுத்து, உடம்பைச் சுற்றியுள்ள வெட்டுகள் வழியாக வெளியே தள்ளும். போர்த்தினால் அடைபடுவது அந்த வெட்டுகள்தான்.

அப்படிப் போர்த்திய ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் காயிலின் வார்னிஷ் கருகி, விரல் வைத்ததும் செதிலாக உதிரும். பிரஷ் ஹோல்டரின் பிளாஸ்டிக் பொரிந்திருக்கும். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் டையோடுகள் இருக்கும் பிளேட்டில் ஈயம் உருகி ஒரு சின்ன மணியாகத் தொங்கும். டையோடு, வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ஐசி, காயில் மூன்றும் ஒன்றாகப் போனபின் ரிப்பேருக்கு ஆகும் செலவைவிடப் புது டைனமோவே மேல் என்ற கணக்கில் வந்து நிற்கும். வண்டிக்காரருக்கு அது முழு நஷ்டம்.

மறைப்பு நடுவில் வேண்டும், டைனமோ மேல் அல்ல. 0.8 மி.மீ. 304 ஸ்டெயின்லெஸ் தகடு போதும். பளபளப்பான பக்கம் டர்போவைப் பார்த்திருக்கட்டும். டர்போவுக்கும் தகட்டுக்கும் 15 மி.மீ., தகட்டுக்கும் டைனமோவுக்கும் 25 மி.மீ. இடைவெளி விடுங்கள். மேலும் கீழும் திறந்திருந்தால் சூடான காற்று தானே எழும்பிப் போகும். பிராக்கெட்டை இன்ஜின் பிளாக்கின் போல்ட்டில் பிடியுங்கள். புகை போகும் மேனிஃபோல்டின் ஸ்டடில் பிடித்தால் தகடே அடுப்பாகிவிடும். பாடியில் பிடித்தால் இன்ஜின் ஆடும்போது உரசும். ஒயர் வெட்டுப்படாமல் இருக்க விளிம்பை 5 மி.மீ. மடித்துவிடுங்கள்.

கம்பெனி ஹீட் ஷீல்டைக் கழற்றி ஓரமாகப் போடுவது

திரும்ப மாட்டுங்கள். போல்ட் முறிந்திருந்தால் அதை எடுத்துவிட்டு மாட்டுங்கள்.

காற்றுக் குழாயைத் தவறான இடத்தில் விடுவது

கிரில்லிலிருந்து 50 மி.மீ. ஹோஸ் இழுத்துக் காற்று கொடுப்பது நல்ல யோசனை. ஆனால் பலரும் அதை டைனமோவின் பக்கவாட்டு வெட்டுகளை நோக்கி வைக்கிறார்கள். அது வெளியேறும் வழி. உள்ளேயிருந்து வரும் காற்றை எதிர்த்துத் தள்ளினால் பலன் தலைகீழாகும். டையோடு இருக்கும் பின்பக்கம்தான் காற்று போக வேண்டிய இடம். ஹோஸின் வாயை பம்பருக்குக் கீழே வைக்காதீர்கள். மேலூர்ப் பக்கம் கல் குவாரிச் சாலைகளில் ஓடும் வண்டியென்றால் மாவு மாதிரித் தூசி நேராக உள்ளே போகும்.

காரணம் தேடாமல் புதிது மாட்டுவது

ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டு இன்ஜினை 2000 ஆர்.பி.எம்.மில் பிடியுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனை, டைனமோவிலிருந்து மின்சாரம் வெளியேறும் பி பிளஸ் போல்ட்டில், மறுமுனை பேட்டரி பிளஸ்ஸில். 0.3 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். டைனமோ உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.2க்குள். கூடுதலாகக் காட்டினால் அந்த இணைப்பு சூடாகிக்கொண்டிருக்கிறது. பி பிளஸ் போல்ட் டையோடு பிளேட்டிலேயே நிற்பதால், நட்டு தளர்ந்தால் பிறக்கும் சூடு நேராக டையோடுக்குப் போகும். அதன் ரப்பர் மூடி பழுப்பேறியிருந்தால் அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

பேட்டரி இறங்கிய வண்டியை ஜம்ப் கொடுத்து எழுப்பி, அப்படியே நான்கு வழிச்சாலையில் விரட்டுவதும் டைனமோவை வேகவைக்கும். வெளியே சார்ஜரில் ஏற்றிவிட்டு மாட்டுங்கள்.

ஓடும் இன்ஜினில் பேட்டரி முனையைக் கழற்றிச் சோதிப்பது

கூடவே கூடாது. வோல்ட்டேஜ் ஒரே துள்ளலில் எகிறி டையோடையும், இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசிஎம்மையும் அடிக்கும்.

மலை ஏறியதும் சாவியைத் திருப்புவது

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது வண்டியின் வேகம் குறைவு, டர்போவின் வேலை அதிகம். டீக்கடையில் நின்றதும் அணைத்தால் டைனமோவின் ஃபேனும் நின்றுவிடும்; அந்த நேரம் டர்போ உச்சச் சூட்டில் இருக்கும். இரண்டு நிமிடம் ஐடிலில், ஏசியை நிறுத்தி விட்டுவிட்டு அணையுங்கள். முடிந்தால் பானட்டைத் தூக்கி வையுங்கள்.

எண்ணெய்க் கசிவை அப்புறம் பார்ப்பது

பல பழைய டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப் டைனமோவின் முதுகில் இருக்கும். அதன் ஆயில் சீல் கசிந்தால் எண்ணெயும் கார்பன் தூளும் குழைந்து உள்ளே அப்பிக்கொள்ளும். காற்று போகாது, பிரஷ்ஷும் தேயும். சீலை உடனே மாற்றுங்கள்.

சூடுமானி சொல்வதை அப்படியே நம்புவது

கைத்துப்பாக்கி மாதிரியான அந்தச் சூடுமானி, பளபளக்கும் அலுமினியத்தில் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். பின்பக்கத்தில் கறுப்பு ஹீட் பெயின்ட்டால் ரூபாய்க் காசளவு ஒரு பொட்டு வைத்து, அது காய்ந்தபின் அதன்மேலேயே அளவெடுங்கள். தகடு மாட்டுவதற்கு முன்னும் பின்னும், அதே லோடில், அதே தூரம் ஓட்டியபின், அதே பொட்டில். இரண்டு எண்ணையும் ஜாப் கார்டில் எழுதி வையுங்கள்.