மினரல் ஆயில்: உடம்புக்கு எது, மெஷினுக்கு எது?

மினரல் ஆயில் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கு புழங்குகிறது. கச்சா எண்ணெயிலிருந்து பிரித்து அரைகுறையாகச் சுத்திகரித்தது ஒன்று. கந்தகமும் பல்வளைய அரோமேட்டிக் சேர்மங்களும் (புற்றுநோய் உண்டாக்கக்கூடிய கசடுகள்) போகும்வரை சுத்திகரித்த வெள்ளை எண்ணெய் இன்னொன்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையான ஐ.ஏ.ஆர்.சி. முதல் வகையை 1-ஆம் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றில், வைத்திருக்கிறது. நன்கு சுத்திகரித்தது 3-ஆம் பிரிவில் இருக்கிறது. புற்றுநோய் உண்டாக்குமா என்று வகைப்படுத்தப் போதிய சான்று இல்லாதவை அதில் வரும். ஆகவே 'மினரல் ஆயில் கெடுதலா?' என்பதைவிட 'எந்த கிரேடு?' என்று கேளுங்கள்.

தோலுக்கும் மருந்துக்கும் வாங்கும் பாட்டிலில் 'லிக்விட் பாரபின்' அல்லது 'மினரல் ஆயில்' என்ற பெயரோடு ஐ.பி., பி.பி., யு.எஸ்.பி. ஆகிய மருந்துத் தரக் குறிகளில் ஒன்று இருக்க வேண்டும். காய் நறுக்கும் மரப்பலகையில் தடவ 'ஃபுட் கிரேடு' போதும். தையல் மெஷின் எண்ணெய் தண்ணீர்போல் தெளிந்திருந்தாலும் உணவுக்கும் உடம்புக்கும் ஆகாது. பேபி ஆயில் பெரும்பாலும் சுத்தமான மினரல் ஆயில்தான், ஆனால் வாசனை சேர்த்தது, பலகையில் தடவாதீர்கள்.

லேபிள் கிழிந்த பாட்டிலா? கண்ணாடி டம்ளரில் இரண்டு ஸ்பூன் ஊற்றுங்கள். மஞ்சள் நிறம் தெரிந்தால் ஒதுக்கிவிடலாம். டம்ளரை வெந்நீரில் வைத்துச் சூடேற்றி முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் வாடை தூக்கலாக அடித்தால் அதுவும் வேண்டாம். பிறகு இருட்டறையில், கறுப்புத் துணியின்மேல் டம்ளரை வைத்து, ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். எண்ணெய் நீலமாக ஒளிர்ந்தால் அரோமேட்டிக் கசடு மிச்சமிருக்கக்கூடும். வெள்ளைத் தாளின்மேல் வைத்தால் தாளே ஒளிரும், ஏமாந்துபோவீர்கள். ஒளிராததால் மட்டும் சுத்தம் என்று ஆகிவிடாது. ஆய்வகத்தில் கரைப்பானால் பிரித்தெடுத்து, 260 முதல் 350 நானோமீட்டர் வரை ஒளி உறிஞ்சலை அளந்துதான் சொல்ல முடியும். லேபிள் இல்லாததைக் கதவுக் கீலுக்குப் போடுங்கள்.

பலகைக்குத் தடவுமுன் கழுவி ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்காது, மேலே பிசுபிசுக்கும். நடுத்தரப் பலகைக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். வெட்டு முனைகளில் மரத்தின் நார்த்துளைகள் திறந்திருப்பதால் அங்கே சட்டென்று குடிக்கும். அங்கே மட்டும் இரண்டாம் தரம் தடவுங்கள். இரவு முழுக்க விட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவத் தொடங்கினால் மறுபடி தடவும் நேரம். இது சமையல் எண்ணெய்போலக் கெட்டு வாடை அடிக்காது; பலகைக்கு இதைத் தேர்ந்தெடுப்பதே அதற்காகத்தான்.

தோலில் இது உறிஞ்சப்படுவதில்லை, மேலே படர்ந்து ஈரத்தைக் காக்கிறது. குளித்ததும் தோல் ஈரமாக இருக்கும்போதே சில துளிகள் தடவுங்கள். ஆணுறை, கையுறை போன்ற லேடெக்ஸ் பொருட்களை இது சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கும். எண்ணெய் ஊறிய துணியும் காயக்கட்டும் சட்டென்று தீப்பற்றும். அவற்றோடு அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.

சுத்தமான எண்ணெயாலும் வரும் பெரிய ஆபத்து நுரையீரலில்தான். மூக்கில் விடுவது, படுத்தபடி குடிப்பது, விழுங்கச் சிரமப்படும் முதியவருக்கோ சின்னக் குழந்தைக்கோ வாயில் ஊற்றுவது எதுவும் கூடாது. இந்த எண்ணெய் இருமலைத் தூண்டாமலே மூச்சுக்குழாயில் இறங்கி லிப்பாய்ட் நிமோனியா என்ற, எண்ணெய் தேங்குவதால் வரும் நுரையீரல் அழற்சியை வரவழைக்கும். மலச்சிக்கலுக்கு மருத்துவர் சொன்னால் மட்டும், படுக்கப்போகும் நேரம் தவிர்த்து, உட்கார்ந்தபடி எடுக்கலாம். நெடுநாள் குடித்தால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேர்வது குறையும்.

தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். திரும்ப மேலே வரும்போதுதான் எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். இருமலோ மூச்சிரைப்போ தெரிந்தால் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.