செயின்சாவில் இழுவை கூட்ட: முதலில் மஃப்ளர், அப்புறம் கார்புரேட்டர்

சிலிண்டரைக் கழற்றி போர்ட் (கலவையும் புகையும் போய்வரும் துளை) தேய்க்க இறங்குவதற்கு முன்னால் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, செயினைத் தீட்டிப் பாருங்கள். பல மெஷின்களில் குறையே அதுதான். பெட்ரோல் கலவை 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில்.

அப்படியும் போதவில்லையா, மஃப்ளரை, அதாவது சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துளையைக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். இரும்புத்தூள் ஒரு பொட்டுகூட உள்ளே தங்கக்கூடாது. சத்தம் கூடும், காதடைப்பான் கட்டாயம். தீப்பொறி தடுக்கும் வலையை மட்டும் எடுத்துவிடாதீர்கள், காய்ந்த சருகு சும்மா இருக்காது.

இனிதான் முக்கியமான வேலை. புகை தாராளமாக வெளியேறினால் காற்று அதிகம் இழுத்து காற்று-பெட்ரோல் கலவை மெலிந்துவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது; ஆயிலும் பெட்ரோலோடுதான் போகிறது என்பதால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். இன்ஜினைச் சூடாக்கி, முதலில் கார்புரேட்டரில் எல் ஸ்க்ரூ (குறைந்த வேகத்தில் பெட்ரோல் அளவைச் சரிசெய்வது): ஆக்சிலேட்டரை அழுத்தியதும் திணறாமல் எழ வேண்டும். ஐடிலில் (ஆக்சிலேட்டரை அழுத்தாமல் ஓடும்போது) செயின் சுற்றவே கூடாது. கடைசியாக எச் ஸ்க்ரூ (அதிக வேகத்துக்கானது). முழு வேகத்தில் கிறீச்சென்று கத்தினால் கலவை மெலிவு. கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் துளித்துளியாகத் திருப்புங்கள், லேசாக விக்குகிற மாதிரி சத்தம் வந்து, மரத்தில் இறக்கியதும் அது தெளிந்தால் சரி. டேக்கோமீட்டர் (இன்ஜின் சுற்று வேகம் காட்டும் கருவி) இருந்தால், மேனுவலில் உள்ள உச்ச ஆர்பிஎம்மைத் தாண்டாதீர்கள். தானாகவே டியூன் செய்துகொள்ளும் மாடல்களில் இந்த ஸ்க்ரூக்களைத் தேட வேண்டாம், இருக்காது.